வெளிநாட்டில் காசு மக்கர் பண்ணினால்

காலை ஐந்தரை மணிக்குப் போன் அடித்தால் அது சிங்கப்பூர். இரவு பதினொன்றரைக்கு அடித்தால் துபாய். மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவனுக்கு உலகக் கடிகாரம் தனியாகத் தேவையில்லை. டிக்கெட்டில் தப்பு என்று கூப்பிடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் "அண்ணே, மெசினு காசு தர மாட்டேங்குதுண்ணே" என்றுதான் ஆரம்பிக்கும். கணக்கில் பணம் இருக்கும், கையில் கார்டு இருக்கும், ஆனால் ஒரு டீ குடிக்க வழி இருக்காது.

போனில் எந்த வரிசையில் கேள்வி கேட்பேனோ அதே வரிசையில் இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதை மட்டும் படித்தால் போதும். இன்னும் ஊரிலிருந்து கிளம்பவில்லை என்றால் முழுவதையும் படித்துவிடுங்கள், ஏனென்றால் பாதிக் கோளாறுக்குப் பெருங்குடி ஏர்போர்ட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதுதான் மருந்து.

கார்டைப் போட்டால் "டிக்ளைன்டு" என்று வருகிறது

"நேத்துக்கூட மாட்டுத்தாவணியில எடுத்தேனே" என்பார்கள். எடுத்திருப்பீர்கள். அது உள்ளூர். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு என்ற பகுதிக்குப் போனால் வெளிநாட்டுக்கென்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் திறந்துவிட்டு வந்துவிடாதீர்கள். உள்ளே ஏடிஎம், கடை மெஷின், ஆன்லைன், தட்டிச் செலுத்துவது என்று தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. கடையில் தேய்க்கிறது, ஏடிஎம்மில் வரவில்லை என்றால் ஒன்று திறந்திருக்கிறது, இன்னொன்று மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

பொத்தான் எல்லாம் திறந்துதான் இருக்கிறதா? அதற்குக் கீழேயே தினசரி வரம்பைப் பாருங்கள். வெளிநாட்டு வரம்பு தனியாக இருக்கும், சிலருக்கு அது பூஜ்ஜியத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

வரம்பும் சரி என்றால் கார்டைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். விசா, மாஸ்டர்கார்டு என்றால் பிரச்சினை இல்லை. ரூபே என்று மட்டும் இருந்தால் அது உள்ளூர்க் கார்டாக இருக்கலாம். ரூபேயில் சர்வதேசக் கார்டு என்று தனியாக ஒரு வகை உண்டு, அது வெளியில் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப், ஜேசிபி மெஷின்களில் ஓடும், ஆகவே ஏடிஎம் கதவில் ஒட்டியிருக்கும் சின்னங்களில் அவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். சாதாரண ரூபே கார்டை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக ஏடிஎம் தேடுவதில் அர்த்தமில்லை.

அப்புறம் மெஷின் கேட்கும் கேள்வி. சேமிப்புக் கணக்கா, நடப்புக் கணக்கா, கிரெடிட்டா என்று கேட்கும். டெபிட் கார்டு என்றால் முதலில் சேமிப்பு, அது ஓடவில்லை என்றால் நடப்பு. ஃபாரெக்ஸ் கார்டுக்கு, அதாவது கிளம்பும் முன்பே வெளிநாட்டுப் பணத்தை ஏற்றி வைக்கும் கார்டுக்கு, பல இடங்களில் நடப்பு அல்லது கிரெடிட் என்று அமுக்கினால்தான் ஓடுகிறது. இதை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் பின் நம்பரை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். மூன்று முறை தப்பாகப் போட்டால் கார்டு பூட்டிக்கொள்ளும், அதன் பிறகு பொத்தானும் கிடையாது, நானும் கிடையாது.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், வங்கி சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கும். நேற்று வரை காளவாசல் மளிகைக் கடையில் தேய்த்த கார்டு இன்றைக்கு பாங்காக்கில் தேய்த்தால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும். கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்கள். 1800 என்று ஆரம்பிக்கும் இலவச எண் வெளிநாட்டிலிருந்து போகாது, 91 போட்டு அழைக்கும் எண்ணைக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்க வேண்டும். போனில் சேமித்து வைக்கிறேன் என்பவர்கள் போன் தொலைந்த அன்றைக்கு என்ன செய்வார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

ஓடிபி வரவில்லை

நம்ம சிம்மில் ரோமிங் திறக்கவில்லை. இதை ஊரிலேயே திறந்திருக்க வேண்டும். உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை, ஆனால் அது வந்து சேர சிம் அங்கே ஏதாவது ஒரு நெட்வொர்க்கில் ஏறியிருக்க வேண்டுமே. பலர் ஏர்போர்ட்டில் இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கி, நம்ம சிம்மைக் கழற்றி பர்ஸில் மடித்து வைத்துவிடுகிறார்கள். அப்புறம் "பேங்கு ஓடிபி அனுப்பல" என்று என்னிடம் சண்டை. இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டையும் போட்டு வைத்து, நம்ம சிம்மில் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டில் இருக்கும்போது வங்கி ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். புதிதாகப் பதியும்போது ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பப் பார்க்கும், அது போகாவிட்டால் ஊருக்கு வரும்வரை ஆப் கிடையாது. "மெதுவா ஓடுதுன்னு அழிச்சுட்டுப் போட்டேன்" என்று ஒரு தம்பி கொழும்பிலிருந்து அழைத்தார். மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பறத்தல்தான், ஆனாலும் அந்த ஐந்து நாளும் கூட வந்த நண்பரின் காசில்தான் சாப்பிட்டார்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, அதை யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலேயே காசு கழிந்துவிடும். கார்டு எண்ணும் பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் போதும். அதனால் ஹோட்டல், ரயில் டிக்கெட் எல்லாம் போட்டு முடித்ததும் வெளிநாட்டு ஆன்லைன் பொத்தானை மூடிவிடுங்கள். தேவைப்படும்போது திறக்க ஒரு நிமிடம் ஆகுமா?

ரசீது ரூபாயில் வந்திருக்கிறது

இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள்தான் அதிகம். "பாருங்கண்ணே, நம்ம ரூபாயிலயே பில்லு போட்டுட்டான்." அங்கேதான் உங்கள் காசு போயிற்று.

வில்லாபுரத்து வாடிக்கையாளர் ஒருவர் துபாய் டேரா பக்கம் 1,200 திர்ஹத்துக்கு ஒரு பொருள் வாங்கினார். கார்டைச் சொருகியதும் மெஷின் திரையில் இரண்டு வரி. மேலே 1,200 திர்ஹம். கீழே 29,250 ரூபாய். கடைப் பையன் மெஷினைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "ருப்பீஸ் ஓகே சார்?" என்று கேட்டுக்கொண்டே கீழ்ப் பொத்தானை அமுக்கிவிட்டான். அன்றைக்கு ஒரு திர்ஹம் 23 ரூபாய். கணக்குப் போடுங்கள், 27,600. வங்கி தன் கட்டணத்தைச் சேர்த்திருந்தால்கூட 28,740 தாண்டியிருக்காது. தலையாட்டியதற்கு 500 ரூபாய்க்கு மேல் தண்டம். சில வங்கிகள் வெளிநாட்டில் ரூபாயாகக் கழித்தாலும் அதற்கென்று தனியாக ஒரு கட்டணம் போடும், அது வேறு.

அந்த மெஷினில் ரேட்டை வைப்பது உங்கள் வங்கி இல்லை. கடைக்காரரின் மெஷினை நடத்துகிறவர்கள். அவர்கள் சேர்க்கிற லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு, அதனால்தான் பையன் அவ்வளவு பிரியமாக ரூபாயைக் காட்டுகிறான். எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தையே அமுக்குங்கள். மெஷினை உங்கள் கையில் வாங்கி நீங்களே அமுக்குங்கள், கூச்சமே வேண்டாம், புதுமண்டபத்தில் பேரம் பேசும்போது கூச்சப்பட்டோமா?

தப்பாக அமுக்கியாகிவிட்டது என்றால், கடையை விட்டு வெளியே வரும் முன் சொல்லி, அந்த பில்லை ரத்து செய்து உள்ளூர்ப் பணத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள். செய்வார்கள். ரோட்டுக்கு வந்துவிட்டால் கஷ்டம்.

இதே வித்தையை ஏடிஎம்மும் செய்யும், இன்னும் தந்திரமாக. காசு எண்ணும் முன் ஒரு ரேட்டைக் காட்டி, ஏற்றுக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கும். மறுத்தால் காசு வராதோ என்று பயந்து எல்லோரும் ஏற்றுக்கொள் என்பதை அமுக்குகிறார்கள். மறுத்தாலும் காசு வரும். மறுப்பது அவர்கள் ரேட்டை மட்டும்தான், மாற்றும் வேலையை நம்ம வங்கிப் பக்கத்து ரேட்டில் விட்டுவிடும்.

பில் ஒரு தொகை, வங்கியில் கழிந்தது வேறு தொகை

முக்கால்வாசி நேரம் இது தப்பில்லை, கட்டணம். நம்ம கிரெடிட் கார்டுகளில் பொதுவாக 3.5 சதவீதம் வரை வெளிநாட்டுக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். 10,000 ரூபாய்க்குத் தேய்த்தால் 413 ரூபாய் கூட. இந்தக் கட்டணம் குறைவாக இருக்கும் கார்டுகளும் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு முறை போகிறவர்கள் அப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருந்தும் கூடுதலாகக் கழிகிறது என்றால் உள்ளே எந்தப் பணம் ஏற்றியிருக்கிறது என்று பாருங்கள். டாலர் ஏற்றிய கார்டை சிங்கப்பூரில் தேய்த்தால் அது அமெரிக்க டாலரை சிங்கப்பூர் டாலராக மாற்றி, அதற்கு ஒரு கட்டணம் போடும். "டாலர்தானே ரெண்டும்" என்று கேட்டவரும் உண்டு. பெயர் மட்டும்தான் ஒன்று.

ரேட்டும் அன்றைக்கே நிற்காது. தேய்த்த அன்றைக்கு வரும் எஸ்எம்எஸ் ஒரு தொகை சொல்லும், கணக்கு முடிவது இரண்டு மூன்று நாள் கழித்து, அந்த நாள் ரேட்டில். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் முழுத்தொகையும் வரவில்லை என்று புலம்புவதற்கும் இதுதான் காரணம், போன ரேட் வேறு, வந்த ரேட் வேறு, கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

ஏடிஎம்மில் காசு வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது

அந்த இடத்தை விட்டு உடனே நகராதீர்கள். இரண்டு நிமிடம் நில்லுங்கள், சில மெஷின்கள் தாமதமாகத் துப்பும். அப்புறம் மெஷினில் ஒட்டியிருக்கும் எண், வங்கிப் பெயர், நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். சீட்டு வந்தால் பத்திரம், அந்த மை ஒரு மாதத்தில் மங்கிவிடும், அதையும் படம் எடுங்கள். புகாரை அந்த ஊர் வங்கியில் கொடுத்துப் பயனில்லை. கார்டு கொடுத்த நம்ம வங்கியில்தான் கொடுக்க வேண்டும், அவர்கள்தான் அங்கே கேட்டு வாங்குவார்கள். வெளிநாட்டு விவகாரம் வாரக்கணக்கில் இழுக்கும். புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, 30 நாளில் பதில் இல்லை அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். காசா பணமா, எனக்கே ஒரு தடவை ஒரு வங்கியில் நாலு மாதம் இழுத்தடித்தார்கள். கிளைக்கு நடந்தபோது நகராத கோப்பு, அந்தப் புகார் பதிந்த அடுத்த வாரமே நகர்ந்தது.

கழிந்தது நீங்கள் எடுத்ததை விடக் கொஞ்சம் அதிகம் என்றால் அது மெஷின்காரர் கட்டணம். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு முறைக்கு 220 பாத்தோ அதற்கு மேலோ பிடிக்கிறார்கள். 1,000 பாத் எடுக்க 220 பாத் கொடுத்தால் 22 சதவீதம் போயிற்று, கந்துவட்டியே தேவலாம். எடுத்தால் மொத்தமாக எடுங்கள்.

நோட்டை வாங்க மாட்டேன் என்கிறார்கள்

இது நம்மூர் வியாதி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் சொந்த அத்தை, தன் மகளைப் பார்க்க கோலாலம்பூர் கிளம்பினார். திருச்சி போய் விமானம் ஏற வேண்டும். முதல் நாள் நான் நூறு டாலர் நோட்டு ஆறு வாங்கிக் கொடுத்தேன், எல்லாம் மொடமொடவென்று புது நோட்டு. அத்தை அதை வாங்கி நேராகப் பூஜை அறைக்குக் கொண்டுபோய் மீனாட்சி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குங்குமம் தொட்ட விரலாலேயே ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டார், அதுவும் சரியாக பெஞ்சமின் பிராங்க்ளின் நெற்றியில். அப்புறம் நான்காக மடித்துச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டார். மஸ்ஜித் இந்தியா பக்கம் இருக்கும் பணமாற்றுக் கடையில் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், விளக்கடியில் பிடித்துப் பார்த்தவர், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் மெதுவாகத் திருப்பித் தள்ளிவிட்டார். வியர்வையில் குங்குமம் ஊறி மடிப்பு வழியாக ஓடியிருந்தது. மூன்றாவது கடையில்தான் எடுத்தார்கள், ரேட்டைக் குறைத்து. "அம்மன் பிரசாதம்டா, அதுக்குக் கொறைச்சுட்டான்" என்று இன்றைக்கும் அத்தைக்குக் கோபம்.

டாலர் நோட்டில் கறை, பேனாக் கிறுக்கல், முத்திரை, ஊசி ஓட்டை, கிழிசல் எதுவும் இருக்கக்கூடாது. நூறு டாலரில் எந்த வரிசை என்பதையும் பாருங்கள். நடுவில் நீல நிறப் பட்டை ஓடும் நோட்டு 2013 அக்டோபரில் வெளிவந்தது. அதற்கு முந்தைய நோட்டுகள் அமெரிக்காவில் இன்றும் செல்லும், ஆனால் தென்கிழக்கு ஆசியக் கடைகளில் பழையதென்றால் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லையென்றால் மறுப்பார்கள். குறிப்பாக 1996-க்கு முந்தைய சின்னத் தலை நோட்டு. ஆகவே இங்கே வாங்கும்போதே நீலப்பட்டை நோட்டாகக் கேளுங்கள். கவுண்டரிலேயே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், பின்னால் வரிசையில் நிற்கிறவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பவுண்டு வேறு கதை. வீட்டில் பீரோவில் மாமா கொடுத்த பழைய பவுண்டு இருக்கிறது என்று கொண்டுபோகாதீர்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் காகித 5 பவுண்டு 2017 மே மாதத்திலும், 10 பவுண்டு 2018 மார்ச்சிலும், 20, 50 பவுண்டுகள் 2022 செப்டம்பர் 30-லும் செல்லாமல் போய்விட்டன. இப்போது பிளாஸ்டிக் நோட்டுதான். பழையதை பேங்க் ஆஃப் இங்கிலாந்து இன்றும் மாற்றிக் கொடுக்கிறது, தபாலில்கூட அனுப்பலாம், ஆனால் லண்டனில் இட்லிக் கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

ரேட் நன்றாகத்தான் சொன்னார்கள், கையில் வந்தது குறைவு

பலகையில் இரண்டு விலை இருக்கும், வாங்கும் விலை, விற்கும் விலை. நீங்கள் டாலர் வாங்கப் போனால் உங்களுக்கு அவர்கள் விற்கும் விலைதான். கூகுளில் பார்க்கும் ரேட் இரண்டுக்கும் நடுவில் இருப்பது, அந்த ரேட்டுக்கு யாரும் தர மாட்டார்கள். "கமிஷன் கிடையாது" என்ற பலகைக்கு மயங்காதீர்கள், கமிஷன் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "ஐம்பதாயிரம் ரூபாய் தருகிறேன், எல்லாம் போக என் கையில் எத்தனை டாலர் வைப்பீர்கள்?" மூன்று கடையில் இதைக் கேட்டால் போதும், கதை தெரிந்துவிடும். ஜிஎஸ்டி பெரிய தொகை இல்லை, ஒரு லட்சம் வரை மாற்றும்போது தொகையில் ஒரு சதவீதத்துக்குத்தான் 18 சதவீத வரி, ஐம்பதாயிரத்துக்கு 90 ரூபாய். அதைக் காரணம் காட்டி ஆயிரம் கூடக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு முறை மாற்றுவதிலும் காசு கரையும். துபாய்க்குப் போகிறவர் இங்கே ரூபாயை டாலராக்கி அங்கே டாலரைத் திர்ஹமாக்குகிறார். டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது 1997 முதல் அசையாத கணக்கு, அதனால் இரண்டாவது மாற்றத்தில் பெரிதாக நஷ்டம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். பலகை ரேட்டைப் பார்த்தால் அங்கேயும் கொஞ்சம் கழித்துத்தான் கொடுப்பார்கள். மதுரையிலேயே திர்ஹமும் சிங்கப்பூர் டாலரும் ரிங்கிட்டும் நேராகக் கிடைக்கின்றன, இரண்டு நாள் முன்னால் சொல்லி வைத்தால் போதும். உம்ராவுக்கு ரியாலும் அப்படித்தான். ஏர்போர்ட் கவுண்டரில் மாற்றுவது கடைசி வழி, அதுவும் டாக்சிக்குத் தேவையான அளவு மட்டும்.

பில் இல்லாமல் "நல்ல ரேட்" தருகிறேன் என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். ரிசர்வ் வங்கி அனுமதி உள்ள கடைதானா என்று பார்க்க, ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே பட்டியல் இருக்கிறது. பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும், கேட்காத கடைதான் பிரச்சினை. ரூபாயை ரொக்கமாக 50,000 வரைதான் வாங்குவார்கள், அதற்கு மேல் வங்கி வழியாக. வெளிநாட்டு நோட்டாகப் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை, மிச்சத்தைக் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கென்று மாற்றியது, அனுப்பியது எல்லாம் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் தாண்டினால் முன்வரி பிடிப்பார்கள், 2025 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம்.

வியட்நாம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி: 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலச் சாயல். இரவில் டாக்சிக்காரரிடம் மாறிக் கொடுத்தால் 25 மடங்கு போயிற்று. பெரியதைத் தனிப் பையில் வையுங்கள்.

யுபிஐ ஓடவில்லை

உங்கள் ஆப்பில் சர்வதேச யுபிஐ என்று ஒன்றைத் தனியாகத் திறக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நாள் வரைதான் திறந்திருக்கும். இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியில் வந்தது. பூட்டான், நேபாளம், சிங்கப்பூர், அமீரகத்திலும் கடைகளில் ஓடுகிறது. ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை, சுவரில் ஒட்டியிருக்கும் எல்லா க்யூஆர் கட்டமும் நம்ம யுபிஐக்குப் பேசாது. கடைக்குச் செலுத்தலாமே தவிர தெருவில் நிற்கும் ஆளுக்கு நம்பர் போட்டு அனுப்பப் பொதுவாக முடியாது. இங்கே இளநீருக்கு ஸ்கேன் செய்த பழக்கத்தில் கொழும்பில் பர்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஹோட்டல்காரர் காசைப் பிடித்து வைத்திருக்கிறார்

பிடித்து வைத்திருக்கிறார், எடுக்கவில்லை. முன்பணமாக ஒரு தொகையைப் பூட்டி வைப்பார்கள், காலி செய்ததும் விடுவிப்பார்கள், நம்ம வங்கியில் அது தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். கிரெடிட் கார்டில் என்றால் வரம்பு குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டையோ ஃபாரெக்ஸ் கார்டையோ கொடுத்தால் சாப்பாட்டுக் காசே பூட்டிக்கொள்ளும். வாடகைக் கார், ஆள் இல்லாத பெட்ரோல் பங்க் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பர்ஸே தொலைந்துவிட்டது

முதலில் ஆப்பில் கார்டைப் பூட்டுங்கள். அழுகை, சண்டை எல்லாம் அப்புறம். ஆப் திறக்கவில்லை என்றால் அந்த 91 எண். புகார் சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, உங்கள் தப்பில்லாமல் வேறு யாரோ திருடி எடுத்தால், வங்கியிலிருந்து அந்தத் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஓரளவு உங்கள் தலையில். பின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கார்டோடு வைத்திருந்தால் அது உங்கள் தப்பு, சொல்லும் வரை போனதெல்லாம் உங்கள் கணக்கு.

அப்புறம் காசுக்கு என்ன செய்வது? ஊரில் இருக்கும் தம்பி பணம் அனுப்புகிறேன் என்று நம்மூர்ப் பணப் பரிமாற்றக் கடைக்கு ஓடுவான். அந்தக் கடைகள் வெளிநாட்டிலிருந்து இங்கே வரும் பணத்துக்கு மட்டும்தான், இங்கிருந்து போகாது. வங்கி வழியாக அனுப்பலாம், நாள் ஆகும். கூட வந்தவருடைய கார்டிலோ, வேறு பையில் வைத்திருக்கும் இன்னொரு கார்டிலோதான் அந்த இரவைக் கடக்க வேண்டியிருக்கும். அதனால்தான் கார்டு இரண்டு, வெவ்வேறு வங்கி, வெவ்வேறு பை என்று எல்லோரிடமும் நச்சரிக்கிறேன்.

இந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். "இங்க நான் தர்றேன், ஊர்ல எங்க ஆளுகிட்ட ரூபாயாக் குடுத்துருங்க" என்பார். அதற்குப் பெயர் உண்டியல். சட்டப்படி கூடாது, யார் காசு என்றும் தெரியாது.

திரும்பி வந்தாயிற்று, நோட்டு மிச்சம்

2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் வந்த 180 நாளுக்குள் விற்றுவிட வேண்டும். விற்கும்போது பில்லைக் கொண்டுபோங்கள், வாங்கிய கடையிலேயே கேட்டால் ஓரளவு நல்ல விலை கிடைக்கும், ஆனால் வாங்கிய விலையை எதிர்பார்க்காதீர்கள். ஃபாரெக்ஸ் கார்டில் மிச்சம் இருந்தால் அதையும் ரூபாயாக்கிவிடுங்கள், சும்மா கிடந்தால் சில கார்டுகளில் கட்டணம் தின்னும். வரும்போது நோட்டாக 5,000 டாலருக்கு மேலோ எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ இருந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நம்ம ரூபாய் போகும்போதும் வரும்போதும் 25,000 வரை கையில் வைத்திருக்கலாம்.

சில்லறை நாணயத்தை எந்தக் கடையும் வாங்காது. என் மேஜையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. திரும்பி வருகிறவர்கள் அதில் போட்டுவிட்டுப் போகிறார்கள், கிளம்புகிறவர்கள் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். சிங்கப்பூர் பஸ்ஸில் காசாகக் கொடுத்தால் மீதி தர மாட்டார்கள், அதனால் 10 காசும் 20 காசும்தான் முதலில் தீர்ந்துபோகும். மலேசிய 5 சென் நாணயத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை, பாட்டிலின் அடியில் மொத்தமும் அதுதான்.